கல்லில் சுருங்கிய பெயர்

நம் டிசைனர்கள் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, ஆட்டோ ஃபிட்டை எதுக்கு ஆஃப் பண்ணச் சொல்றீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. வேலை சீக்கிரம் முடியுதில்ல?" அதற்குக் கீழே நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். "பெருசு ஆரம்பிச்சிருச்சு" என்று ஒருத்தர். போடுங்கப்பா, நல்லாப் போடுங்க. கட்டைவிரலால் இரண்டு வரி தட்டிப் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு, அப்புறமும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: தருமபுரியில் ஒரு கிரானைட் கல்வெட்டுப் பட்டறையில் இருபத்தாறு வருஷம் எழுத்து வேலை பார்த்தவன் நான். கடைப் பெயர், கும்பாபிஷேகக் கல், கல்லறைக் கல், எல்லாவற்றையும் விட அதிகமாக அரசாங்கக் கட்டடங்களின் திறப்பு விழாக் கல். கணினியில் எழுத்தை அடுக்கி, ஸ்டிக்கரில் வெட்டி, கல்லில் ஒட்டி, மணலைப் பீய்ச்சிக் குடைந்து, தங்கப் பெயின்ட் அடிக்க வேண்டும். கண் மங்கியதும் விட்டுவிட்டேன்.

திறப்பு விழாக் கல்லைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கட்டடம் ஒழுகினால்கூட அடுத்த மழை வரைக்கும் பொறுப்பார்கள். கல்லில் பெயர் ஒரு வரி கீழே போனால் அன்றைக்கே பந்தலைப் பிரித்துவிடுவார்கள். யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எழுத்தின் உயரம் மட்டும் நம் கையில். ஒருமுறை ஒரு கவுன்சிலர் பாக்கெட்டிலிருந்து டேப் எடுத்து என் முன்னாலேயே அளந்தார். "எனக்கும் அவருக்கும் ரெண்டு நூல் வித்தியாசம் வருதேய்யா" என்றார். சிரிக்காமல் மறுபடி வெட்டிக் கொடுத்தேன். இதெல்லாம் தெரிந்த ஆள்தான் நான். தெரிந்திருந்தும்தான் அந்தக் காரியம் நடந்தது.

இண்டூர் பக்கம் ஓர் ஊராட்சி. பெயர் வேண்டாம். அந்த முறை தலைவர் பதவி பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, காலனியிலிருந்து விஜயலட்சுமி என்ற பெண் ஜெயித்திருந்தார். அதற்கு முன்னால் தனியார் பள்ளியில் டீச்சர். துணைத் தலைவர் ஊர்ப் பக்கத்து ஆள், பெயர் மாது. காலனியில் புதிதாக ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்திருந்தார்கள். வெகு நாளாகத் தேதி கொடுக்காத எம்.எல்.ஏ. திடீரென்று ஒரு வியாழக்கிழமை, சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கான்ட்ராக்டர் பெயர்ப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு ஓடி வந்தார்.

அந்த வாரம்தான் எங்கள் முதலாளி டிசைன் மென்பொருளின் புதுப் பதிப்பைப் போட்டிருந்தார். பழையதில், எழுத்து கட்டத்தை மீறினால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நாமாகப் பார்த்துச் சரிசெய்வோம். புதியதில், மீறினால் அதுவாகவே எழுத்தைச் சுருக்கிக் கட்டத்துக்குள் அடக்கிவிடும். அதுதான் ஆட்டோ ஃபிட். யாரும் கேட்காமலேயே அதற்கான டிக் விழுந்திருந்தது. அது எனக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் குற்றவாளி இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் விஜயலட்சுமியே பட்டறைக்கு வந்துவிட்டார். கூடவே அவர் வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி. மினி லாரி ஓட்டுகிறவர். பட்டறைக்குத் தலைவர்கள் யாரும் வருவதில்லை. ஆளைத்தான் அனுப்புவார்கள்.

"அண்ணா, என் பேருக்குப் பின்னால எம்.ஏ., பி.எட். போட்ருங்க. ஆபீஸ் லிஸ்ட்ல வுட்டுட்டாங்க" என்றார்.

"போட்டுட்டாப் போச்சும்மா."

கிருஷ்ணமூர்த்தி வாசலில் நின்றபடி சிரித்தார். "படிச்ச படிப்பு கல்லுலயாச்சும் இருக்கட்டும்ங்க. ஆபீஸ்லதான் இவங்க சேருல துணைத் தலைவரு உக்கார்றாரு. இவங்களுக்கு செவுத்தோரமா பெஞ்சு."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று அவரை அடக்கிவிட்டு அந்தம்மா என்னிடம் கேட்டார்: "எழுத்து எங்களுக்கெல்லாம் ஒரே அளவுதானுங்களே?"

"ஒரே அளவுதாம்மா. கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"வெட்றதுக்கு முன்னால ஒருக்கா என் போனுக்கு அனுப்புறீங்களா?"

"அனுப்பறேம்மா" என்று நம்பரை வாங்கிக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தேன். போகும்போது கிருஷ்ணமூர்த்தி, கேட்காமலேயே, ஒரு சந்தோஷத்தைச் சொல்லிவிட்டுப் போனார். ஓர் அரசுத் துறையில் டிரைவர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாராம். போலீஸ் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கியாம். "அது முடிஞ்சா ஆர்டருங்க. வயசு வரம்புக்கு இதான் கடைசி வருசம், சாமி கண்ணத் தொறந்துச்சு" என்றார்.

மதியம் வேலையை முடித்தேன். கான்ட்ராக்டருக்கு மட்டும் படம் அனுப்பினேன். "சூப்பர் சார், வெட்டுங்க" என்று வந்தது. காலண்டரில் எழுதிய நம்பருக்கு அனுப்பவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு படத்தை இன்னொரு நம்பருக்குத் தள்ள எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை கல் பொருத்தும் ஆளுக்குக் காய்ச்சல். நானே போனேன். தொட்டித் தூணில் கல்லைப் பொருத்தி, பட்டுத் துணியைத் தொங்கவிட்டு, ஓரமாக நின்றுகொண்டேன். எம்.எல்.ஏ. வந்தார், கயிற்றை இழுத்தார், கை தட்டினார்கள். தட்டின கை பாதியில் நின்றது.

மேலே எம்.எல்.ஏ. பெயர், பட்டங்களோடு இரண்டு வரியில் கம்பீரமாக இருந்தது. அடுத்து ஒன்றியத் தலைவர். அதற்கடுத்து, "திருமதி கோ. விஜயலட்சுமி கிருஷ்ணமூர்த்தி, எம்.ஏ., பி.எட்., ஊராட்சி மன்றத் தலைவர்." பக்கத்தில் போய் நின்றால்தான் படிக்க முடியும். அதன் கீழே "கே. மாது, துணைத் தலைவர்." அது ரோட்டிலிருந்து தெரிந்தது.

"தலைவரு யாருன்னு கல்லே சொல்லிருச்சுடோய்!" என்று ஊர்ப் பக்கக் கூட்டத்திலிருந்து ஒரு குரல். குபீரென்று சிரிப்பு. எம்.எல்.ஏ. தன் பெயரைப் பார்த்துத் திருப்தியாகித் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். விஜயலட்சுமி மட்டும் கல்லுக்குக் கிட்டே போய், தன் பெயரின் மேல் ஒரு விரலை வைத்து ஓட்டினார். அந்த விரல் எழுத்தை முழுசாக மறைத்தது. திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"கம்ப்யூட்டர் பாத்துக்கும்னு சொன்னீங்களேண்ணா" என்றார். கோபமாக இல்லை. நான் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

யாரோ போனில் எடுத்த அந்த விரல் படம் சாயங்காலத்துக்குள் மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. கல்லிலும் தீண்டாமை என்று ஒரு கட்சி. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வே சொல்லிச் செய்தது என்று இன்னொரு கட்சி. தலைவரே கடைக்குப் போய்ச் சின்னதாகப் போடச் சொல்லி நாடகம் ஆடுகிறார் என்று மாது தரப்பு. ஞாயிற்றுக்கிழமை இண்டூர் ரோட்டில் மறியல். டி.வி.க்காரர்கள் வந்தார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கண்டனப் போஸ்டர் அடிக்க இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் முதலாளியின் தம்பி அச்சகத்துக்குத்தான் வந்தார்கள். தலைவர்கள் பெயர் சுருங்காமல் பார்த்து அடித்துக் கொடுத்தோம். தொட்டியில் தண்ணீர் ஏறியதா இல்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில், மாதுவின் ஆட்கள் சிலர் கல்லுக்கு மாலை போட்டு, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மினி லாரியில் போய்க்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தி வண்டியை நிறுத்தினார். பின்னாலிருந்து கடப்பாறையை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்க, கல்லை மூன்றாக உடைத்தார். உடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லையாம்.

மறுநாள் என்னை ஒன்றிய அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். போனால், இன்ஸ்பெக்டர், ஒன்றிய அதிகாரி, மாது, கான்ட்ராக்டர், எங்கள் முதலாளி. சுவரோரமாக விஜயலட்சுமி, கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தாங்க, தெளிவாச் சொல்லிடறேன். எழுத்தைச் சின்னதாக்குனதுல ஏதாச்சும் உள்நோக்கம் இருந்துச்சுன்னா, அந்தம்மா வூட்டுக்காரரு ஆத்திரத்துல பண்ணதுக்கு ஒரு காரணம் இருக்குதுன்னு ஆவும். ரெண்டு பக்கமும் புகாரை வாபஸ் வாங்கிக்கிட்டு ராசியாப் போயிடலாம். மாது, சரிதானே?" மாது வேறு வழியில்லாமல் தலையாட்டினார். "ஒண்ணுமே இல்லாததுக்கு உடைச்சாருன்னா, பொதுச் சொத்தைச் சேதப்படுத்துனதா கேஸ் போட்டே ஆவணும். அவருக்கு ஏதோ கவர்மென்ட் வேலை வேற வருதாம். கேஸுன்னா அது போச்சு. இப்ப நீங்க சொல்லுங்க. யாரு உங்களைச் சின்னதாப் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

"அப்புறம் எப்படி?"

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். கட்டத்தைக் காட்டினேன், டிக்கைக் காட்டினேன். டிக்கை எடுத்தேன், எழுத்து பெரிதாகிக் கட்டத்துக்கு வெளியே பாய்ந்தது. போட்டேன், சுருங்கியது. நீளமான பெயர் சுருங்கும், குட்டையான பெயர் சுருங்காது. அவ்வளவுதான். அறையில் எல்லோர் முகத்திலும் ரத்தம் திரும்பி வந்தது. கான்ட்ராக்டர் "அப்பாடா" என்றே சொல்லிவிட்டார்.

"அப்ப மிஷின்தான். மனுசங்க யாரும் இல்ல" என்றார் ஒன்றிய அதிகாரி.

அப்போது விஜயலட்சுமி நோட்டைத் திறந்தார். "ஒரே ஒரு கேள்விங்க சார். என் வரி மொத்தம் எத்தனை எழுத்துன்னு எண்ணி வெச்சிருக்கறேன். எம்.எல்.ஏ. வரியையும் எண்ணுனேன். அதுதான் என்னுதை விட நீளம்." என் பக்கம் திரும்பினார். "நீளமானது சுருங்கும்னு சொல்றீங்க. அது ஏண்ணா சுருங்கல?"

நான் லேப்டாப் மூடியைச் சாத்தினேன்.

பிள்ளைகளா, இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எம்.எல்.ஏ. வரியும் சுருங்கியது. வெள்ளிக்கிழமை மதியம் திரையில் அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயையோ, மாட்டியிருப்பேனே என்று, டிக் என்ன ஏது என்று பார்க்காமல், அந்தக் கட்டத்தை மட்டும் அகலமாக்கி, இரண்டு வரியாகப் பிரித்து, எழுத்தைப் பெரிதாக்கினேன். அப்புறம் கண் கீழே இறங்கியது. விஜயலட்சுமியின் பெயரும் சுருங்கியிருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். "படிக்கற மாதிரிதானே இருக்குது, வுடு" என்று மனசு சொன்னது. விட்டேன். மாதுவின் பெயர் அப்படிச் சுருங்கியிருந்தால் விட்டிருப்பேனா? மாட்டேன். மாது கடைக்கே வந்து சத்தம் போடுவார். இந்தப் பெண் என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேனா? அப்படிச் சொற்களாக நினைக்கவில்லை. நினைக்காமலே கை நகர்ந்துவிட்டது. அதை யோசித்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த அறையில் அதைச் சொல்லியிருந்தால், கிருஷ்ணமூர்த்திமேல் கேஸ் இல்லை. அவ்வளவு எளிது. ஆனால் சொன்னால் என்மேல் என்ன கேஸ் வரும்? வன்கொடுமைச் சட்டம் என்ற வார்த்தை முதலாளி வாயில் காலையிலேயே வந்திருந்தது. ரோட்டில் மறியல் இன்னும் ஓயவில்லை, டி.வி. வெளியே நிற்கிறது. பயந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை. பயந்தேன்.

"அது வேற பாக்ஸும்மா. அதுக்கு செட்டிங்கே வேற" என்றேன்.

"ஒரே ஃபைல்தானுங்களே?"

"இதெல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம், உங்களுக்குப் புரியாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். எம்.ஏ., பி.எட். படித்தவரிடம் அப்படிச் சொன்னார். நான் அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு ஒரு தாளில், மென்பொருளில் ஏற்கெனவே இருந்த அமைப்பால் தானாக நேர்ந்தது, யாருடைய தலையீடும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது, சனியன்.

கிருஷ்ணமூர்த்தி சேலம் ஜெயிலில் பதினெட்டு நாள் இருந்தார். டிரைவர் வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் கேஸ் நிலுவை என்று எழுதிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் அவர் வண்டிக்கு லோடு கொடுப்பதை நிறுத்தினார்கள். அரூர் மண்டிக்குப் புளி ஏற்றிப் போகும் வாடகையும் நின்றுபோனது. விஜயலட்சுமி கூட்டம் கூட்டினால் உறுப்பினர்கள் வருவதில்லை. கட்சிக்காரர்களா? அடுத்த வாரம் அவர்களுக்கு வேறு ஒரு சண்டை கிடைத்துவிட்டது.

தொட்டிக்குப் புதுக் கல் எங்களிடமே வந்தது. பட்டியலைப் பார்த்தேன். எம்.எல்.ஏ., ஒன்றியத் தலைவர், இரண்டு அதிகாரிகள். அவ்வளவுதான். "பிரச்சினையே வேணாம்னு ஊராட்சிக்காரங்க பேரே போட வேண்டாம்னுட்டாங்க சார், நல்ல முடிவு" என்றார் கான்ட்ராக்டர். மாது சண்டைக்கு வரவில்லை. அவருக்கு நாற்காலி இருக்கிறது. விஜயலட்சுமிக்கு அந்த ஒரு வரிதான் இருந்தது. டிக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சரிபார்த்து, அருமையாக வெட்டிக் கொடுத்தேன். அதைப் போல் நேர்த்தியான கல்லை நான் அதற்கு முன்பும் பின்பும் வெட்டியதில்லை.

இரண்டரை வருஷம் கழித்து, நான் வேலையை விட்டபிறகு, சாட்சி சொல்ல சம்மன் வந்தது. அதற்கு முதல் நாள் பஸ் ஏறிக் காலனிக்குப் போனேன். வீடு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, மினி லாரி வாசலில் நின்றது, சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. விஜயலட்சுமி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பதவி முடிந்து பழைய பள்ளிக்கே டீச்சராகத் திரும்பிவிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் சிவப்புப் பேனாவை மூடிக்கூட வைக்கவில்லை. "அன்னிக்கே தெரியும்ங்கண்ணா. எண்ணுனவ நாந்தானே. இதை எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவப் போவுது? நாளைக்கு அங்க சொல்லுங்க."

கோர்ட்டில் அரசு வக்கீல், "எழுத்து தானாகத்தானே சுருங்கியது?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் ரெண்டு பேரைச் சுருக்குச்சுங்க ஐயா. பெரிய மனுசன் பேரை மட்டும் நான் சரி பண்ணேன். இந்தம்மா பேரைப் பாத்துட்டே வுட்டேன்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். முன்பு எழுதிக்கொடுத்த தாளைக் காட்டி வக்கீல் என்னை உரித்து எடுத்துவிட்டார். உரிக்கட்டும். பிறகு மற்றச் சாட்சிகளும் ஒழுங்காக நிற்காமல், கிருஷ்ணமூர்த்தியை விடுதலை செய்தார்கள். டிரைவர் வேலைக்கு வயது கடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு அவர் என்னைத் தாண்டிப் போனார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை.

அதனால் தம்பி, ஆட்டோ ஃபிட்டை ஆஃப் பண்ணுங்கள். அது ஒரு நொடி வேலை. ஆனால் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டக் கொடுப்பதற்கு முன்னால், எந்தப் பெயருக்காக யாரும் உங்களுக்குப் போன் பண்ண மாட்டார்களோ, அந்தப் பெயரை முதலில் பாருங்கள். பெரிய பெயரை நீங்கள் எப்படியும் பார்த்துவிடுவீர்கள், பயம் பார்க்க வைக்கும். படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பித் தொலையுங்கள்.

அந்த ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோர்ட்டு வாசலில் விஜயலட்சுமியிடம் கேட்டேன், "இதை அழிச்சிடட்டுமாம்மா, மனசை அறுக்குது" என்று.

"அழிக்காதீங்கண்ணா" என்றார். "நான் தலைவரா இருந்தேன்னு என் பேரு வேற எங்கயும் எழுதியில்ல."